பேனலில் வைத்த சந்தனப் பொட்டு

என் கணவருக்கு வாய் பெரிது. கிள்ளானில் லோரிகள் ஓயாமல் போய்வரும் ஒரு சாலையோரம் பேட்டரிக் கடை வைத்திருந்தார். யாராவது கடைக்குள் காலெடுத்து வைத்தால் போதும், அவர்கள் விஷயத்தைச் சொல்வதற்குள், "கவலைய விடுங்க பாஸ், செத்த பேட்டரிய எழுப்பி உக்கார வச்சிருவேன்" என்பார். எதிர்க்கடை வரைக்கும் கேட்கும். பாதி நேரம் எழுப்பியும் விடுவார். மீதி நேரம், "இது பேட்டரி இல்ல லா, பொணம்" என்று அதே குரலில் சொல்லிப் புதியதை விற்றுவிடுவார். எண்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம், அந்தக் குரல் எழும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். பக்கத்தில் நின்றுகொண்டே இவர் யாரோ நான் யாரோ என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

நான் வளர்ந்த வீடு அப்படி. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வரிசை வீடு. அப்பா அரசாங்க அலுவலகமொன்றில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் காலையில் குளித்து, சட்டையைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் பேப்பர் படிக்க உட்காருவார். எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போடுவதில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவோம். ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த ஓர் இந்தியக் குடும்பத்துப் பிள்ளையை, அதுவும் பேட்டரிக் கடைக்காரரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னபோது, அப்பாவும் அந்த வழக்கப்படி பேச்சை நிறுத்தினார். கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதித்ததும் இல்லை, என் கணவரைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னதும் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் மட்டும் பஸ் ஏறிப் போவேன். "பிள்ளை வந்திருக்கிறாள், தேத்தண்ணி குடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா பேப்பருக்குள் போய்விடுவார். எனக்கு அதுதான் பெரிய குறை. என்றாவது ஒருநாள் அப்பா என் வீட்டில் வந்து உட்கார்ந்து என் கையால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாலமாக இருந்தவர் என் அண்ணன் ஒருவர்தான். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மீன் பிடிப்பதில் பைத்தியம். என் கணவருக்கும் அதே பைத்தியம். ஆகவே குலம், கோத்திரம், யாழ்ப்பாணம், இந்தியா எல்லாம் தூண்டில் முள்ளில் மாட்டிப் போய்விட்டன. போர்ட் கிள்ளான் பக்கம் இருந்த சீன மீனவர் ஒருவரிடமிருந்து அண்ணன் ஒரு பழைய மரப்படகை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அது அவரைப் படுத்தியது.

படகு ஒழுகும். மரப்படகு என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்றார்கள். உள்ளே தண்ணீர் ஏறினால் தானாக ஓடி இறைத்துவிடும் சின்ன பம்பு ஒன்று இருந்தது. அது பேட்டரியில் ஓடுவது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதான் படகுப் பக்கம் போவார். வாரம் முழுவதும் படகு துறையில் கட்டிக்கிடக்கும். பம்பு தண்ணீரை இறைத்து இறைத்துப் பேட்டரியைக் குடித்துவிடும். எஞ்சினைக் கிளப்புவதும் அதே பேட்டரிதான். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டிய டைனமோ பழுதாகி, மாற்று கிடைக்காமல் கிடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் கனத்த பேட்டரியைக் காரில் போட்டு எங்கள் கடைக்குத் தூக்கி வருவார். அவர் முதுகு போய்விடும் என்று அண்ணிக்குக் கவலை.

ஒருநாள் என் கணவர் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து சோலார் பேனல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏதோ மலையுச்சிக் கோபுரத்தில் இருந்து கழற்றிப் போட்டதாம். அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு ஜன்னல் கதவளவு கண்ணாடி. அதற்குள் அப்பளம் அப்பளமாக வட்டத் தகடுகள், கருநீல நிறத்தில், வரிசையாக. கடை வாசலில் வெயிலில் சாய்த்து வைத்து மீட்டரை இணைத்தார். ஊசி துள்ளி ஏறியது. "மச்சான் படகுக்கு இனிமே சூரியன்தான் சம்பளமில்லாத வேலைக்காரன்!" என்று தெருவைக் கூட்டினார். லோரிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். நான் உள்ளே போய் பில் புத்தகத்தை அடுக்குவதுபோல் நின்றேன்.

பேனலுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பிறந்த வீட்டில் சரஸ்வதி பூஜை என்றால் புத்தகமும் பேனாவும்தான் சாமி முன் இருக்கும். இங்கே ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சார்ஜர், ஆசிட் குப்பி, புது பேட்டரி, பழைய பேட்டரி எல்லாவற்றுக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். கல்யாணமான முதல் வருடம் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த வேலை என்னுடையதாகிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்குள்ள சாமானில் சந்தனம் நிற்காது, காய்ந்தால் உதிர்ந்துவிடும். அதற்காகக் கடையில் லேபல் ஒட்டும் வெள்ளைப் பசையைக் கொஞ்சம் குழைத்துக்கொள்வேன். பூஜைப் பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, அது தானாகப் போகும்வரை இருக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. வருடக் கணக்கில் பொட்டோடு இருந்த சார்ஜர் எங்கள் கடையில் உண்டு.

பேனல் சுவரில் சாய்ந்திருந்தது. புதுச் சாமான், அண்ணனுடைய படகுக்குப் போகிறது, கடலுக்குப் போகிறது. விட மனம் வரவில்லை. நடுவில் இருந்த ஒரு வட்டம் பொட்டு வைப்பதற்கென்றே வரைந்துவைத்தது போலிருந்தது. அந்த வட்டத்தை விளிம்பு தப்பாமல் நிறையச் சந்தனத்தால் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் கணவரும், "அடேங்கப்பா, அம்மன் முகம் மாதிரி இருக்கே" என்றார்.

அடுத்த ஞாயிறு படகில் பேனலைப் பொருத்தப் போனோம். துறையில் அண்ணனின் கார் நின்றது. பின் கதவைத் திறந்துகொண்டு அப்பா இறங்கினார்.

அண்ணன் வேலைதான். "அப்பாவுக்கு வீட்டில பொழுது போகேல்லை, படகு காட்டலாம் எண்டு கூட்டி வந்தனான்" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். என் கணவர் அன்றைக்கென்று ஆசிட் தெறித்து ஓட்டை ஓட்டையாகிப் போன சட்டையைப் போட்டிருந்தார். அவர் வாயைத் திறந்து, "வாங்க மாமா! வாங்க வாங்க!" என்று கத்தியதில் துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே சேற்றுக்குள் புதைந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. அப்பா தலையை மட்டும் அசைத்தார்.

பேனலைப் படகின் கூரைமேல் ஏற்றித் திருகினார்கள். வயரைத் துளை வழியாக இறக்கி, பேட்டரி இருந்த பெட்டிவரை இழுத்தார் என் கணவர். அப்பா கீழே பலகையில் நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்:

"உந்தப் பொட்டு ஆர் வச்சது?"

"நான்தான் அப்பா. பூசைக்கு வச்சது."

அப்பா அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் என் முகத்தை நேராகப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. "நல்லது பிள்ளை. போன இடத்திலயும் முறை தவறாமல் செய்யிறாய்" என்றார். போன இடத்தில் முறையே கிடையாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாரா என்று கோபமும் கொஞ்சம் வந்தது. ஆனால் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் கணவர் கூரையிலிருந்து கூப்பிட்டார். அண்ணன் கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் ஏணியில் பாதி ஏறிப் போனேன். மீட்டரைக் காட்டினார். நல்ல வெயில், ஊசி ஏறவே மனமில்லாமல் கிடந்தது.

"கடை வாசல்ல துள்ளுச்சு. இப்ப படுத்துக் கிடக்கு. வயர் எல்லாம் ஓகே லா, ரெண்டு தரம் பாத்துட்டேன். நடுவுல புதுசா வந்தது இந்தப் பொட்டு ஒண்ணுதான். எல்லா வட்டத்தையும் மாலை மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கான். ஒண்ணுல வெயில் விழலேன்னா மொத்தமும் படுத்துக்கும் போல."

அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை, ஓர் ஊகம்தான். பையிலிருந்து துணியை எடுத்தார். கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"என்ன செய்யப் போறீர்?"

என் கணவரிடம் அப்பா பேசிய முதல் வாக்கியம் அது.

"இல்ல மாமா, இதத் தொடச்சிட்டு ஒரு தரம் பாக்கலாம்னு..."

"பூசை வச்ச பொட்டை ஆரும் கையால அழிப்பினமோ? அது தன்ரபாட்டில போகட்டும். இவ்வளவு பெரிய சாமான், ஒரு பொட்டு மறைச்சோ சூரியன் மறையப் போகுது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். 'நீ சொல்' என்பது அந்தப் பார்வை. ஏணியில் நின்றுகொண்டிருந்த எனக்கு ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அவர். நான் மெல்லிய குரலில், "விடுங்களேன், ப்ளீஸ்" என்றேன். அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் என் கணவர் வாதாடி, ஊரைக் கூட்டி, துடைத்துக் காட்டி, கடைசியில் சிரித்திருப்பார். அன்று துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி லா, ரெண்டு மழை பேஞ்சா தானா போயிடும்" என்றார்.

புறப்படும்போது அப்பா காருக்குள் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னார்: "வாற ஞாயிறு நானும் கடல் பாக்க வாறன். அப்பிடியே உங்கட வீட்டை வந்து சாப்பிடுறன். நண்டு கிடைச்சா வாங்கு பிள்ளை." கார் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். என் கணவர் என் தோளைத் தட்டி, "பொட்டு வேல செஞ்சிருச்சு பாத்தியா" என்றார்.

அந்த வாரம் மழை கொட்டித் தீர்த்தது. ஒவ்வொரு சாயங்காலமும் இடியோடு பெய்தது. பொட்டு போயிருக்கும் என்று என் கணவர் நிம்மதியாக இருந்தார். நான் கலந்த பசையை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். மழைத் தண்ணீர் படகுக்குள் நிறைந்தது, பம்பு ஓடிக்கொண்டே இருந்தது, பேட்டரி வற்றிக்கொண்டே இருந்தது. கிள்ளானில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

சனிக்கிழமை வீட்டைக் கழுவினேன். புதுத் திரைச்சீலை தைத்தேன். ஞாயிறு விடியலில் மீன் பாசாருக்குப் போய், கை முறியாத நண்டாகப் பொறுக்கி, முருங்கையிலை போட்டு, அம்மா செய்வதுபோல் குழம்பு வைத்தேன். அப்பா உட்காருவதற்கென்று ஒரு நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டேன். பிறகு எடுத்து ஜன்னல் பக்கம் போட்டேன். பிறகு மறுபடியும் விசிறிக்குக் கீழே.

துறைக்கு நாங்கள் போய்ச் சேரும்போது அண்ணனும் அப்பாவும் படகில் ஏறியிருந்தார்கள். அண்ணன் எஞ்சினைக் கிளப்பியும் விட்டார். கொஞ்சம் முக்கிக்கொண்டு கிளம்பியதாம். என் கணவர் கூரையை எட்டிப் பார்க்கப் போனார். "வாரும், நீரோட்டம் மாறப் போகுது" என்று அப்பா அவசரப்படுத்தியதில் பார்க்காமலே படகில் ஏறிவிட்டார். கடையிலிருந்து ஒரு பேட்டரியைக் கூடுதலாகக் கொண்டுவரலாமா என்று முதல்நாள் என் கணவர் கேட்டதற்கு, "பேனல்தான் இருக்கே மச்சான்" என்று அண்ணன் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் வினையாகப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

சதுப்பு மரங்களைத் தாண்டி வெளிக்கடல் தெரிந்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. பேசாத மனிதர் பேசினார். சின்ன வயதில் கப்பலில் வந்ததைச் சொன்னார். சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் கடலைக் கேட்க வேண்டும் என்றார். அண்ணன் எஞ்சினை நிறுத்தினார்.

மறுபடி கிளப்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அடுத்த தடவை அதுவும் இல்லை.

வெயில் ஏறியது. படகு தன்பாட்டில் சுற்றியது. பம்பும் நின்றுவிட்டதால் காலடியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அண்ணனும் நானும் வாளியால் இறைத்தோம். அப்பாவின் பாலிஷ் போட்ட சப்பாத்து நனைந்தது. காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டு, பயத்தைக் காட்டாமலிருக்க அவர் கோபத்தை எடுத்துக்கொண்டார்.

"பேட்டரிக் கடை வச்சிருக்கிறீர். ஒரு பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தத் தெரியேல்லையோ? இதை நம்பியோ என்ர பிள்ளையை..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். நிறுத்திய பாதி எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

என் கணவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். நான் சொல்லியிருக்கலாம். "அப்பா, நீங்களும் நானும்தான் துடைக்க விடவில்லை" என்று ஒரு வரி. அதற்குப் பதில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாத்துக்கும் பெரிசா பேசுவார், நேரத்துக்கு ஒண்டும் நடக்காது" என்றேன். அப்பாவின் பேச்சில், அப்பாவின் பக்கம் நின்று. சொன்ன வாயைக் கழுவ அத்தனை கடல் தண்ணீரும் போதாது.

அவர் மீட்டரைப் பேனல் வயரில் மாட்டிவிட்டுக் கூரைமேல் ஏறினார். பொட்டு அப்படியே இருந்தது. குங்குமம்தான் கரைந்து வழிந்திருந்தது, சந்தனம் தோல்போல் காய்ந்து ஒட்டியிருந்தது. சின்னக் கத்தியால் சுரண்டினார். கீழே பெட்டியருகில் மீட்டர் இணைத்தபடி கிடந்தது. அப்பா அதற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மேலே கத்தி சுரண்டும் சத்தம் நிற்பதற்கும் ஊசி துள்ளுவதற்கும் சரியாக இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். குனிந்து மறுபடியும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் தப்புச் செய்து பிடிபட்ட சின்னப் பிள்ளையின் முகம்போல் ஆகிவிட்டிருந்தது.

ஊசி துள்ளினாலும் எஞ்சின் கிளம்பும் அளவுக்குப் பேட்டரி நிறையச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் ஒரு சீன மீன்பிடிப் படகு வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்துப் போனது. அந்தப் படகில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

துறையில் இறங்கியதும், "தலை இடிக்குது. வீட்டை கொண்டுபோய் விடு" என்று அண்ணனிடம் சொல்லிக் காரில் ஏறிவிட்டார். என் பக்கம் திரும்பவில்லை. முன்பு என்மேல் கோபம், அதனால் வரவில்லை. கோபம் எப்படியும் ஒருநாள் ஆறும் என்று நான் காத்திருந்தேன். இப்போது அவரைத் தடுத்தது வெட்கம். அப்பாவை எனக்குத் தெரியும். தான் தப்புச் செய்த இடத்துக்கு அவர் திரும்பிப் போகிறவர் இல்லை. இனிமேல் ஒருநாளும் வரமாட்டார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

வீட்டில் விசிறிக்குக் கீழே காலி நாற்காலி. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் குளித்து, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு வந்து, நண்டுக் குழம்பையும் சோற்றையும் அடுக்குச் சட்டியில் தானே போட்டு மூடினார். "எந்திரி, பிரிக்பீல்ட்ஸ் போவோம்" என்றார். படகில் நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் போனபோது இருட்டவில்லை. வரிசை வீடுகளில் ஞாயிறு மாலை என்றால் எல்லோரும் வாசலில்தான் இருப்பார்கள். அப்பா வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. என் கணவர் கேட்டுக்கு வெளியே வேனை நிறுத்தி இறங்கி, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, தன் முழுக் குரலையும் எடுத்தார்.

"மாமா! மன்னிச்சிடுங்க மாமா! தப்பு என்னோடது லா! வயர மாத்திக் குடுத்துட்டேன்!"

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ஆன்டி வேலியருகே வந்து, "என்ன தம்பி, என்ன நடந்தது?" என்று கேட்டார். இதற்குத்தான் காத்திருந்தவர்போல் என் கணவர் ஆரம்பித்தார். ப்ளஸில் மைனஸைக் கொடுத்தாராம். மைனஸில் ப்ளஸைக் கொடுத்தாராம். நடுக்கடலில் வயசான மனிதரை வெயிலில் காயப் போட்டாராம். "பேட்டரிக் கடன்னு போர்டு மாட்டிக்கிட்டு நான் செஞ்ச வேலயப் பாருங்க ஆன்டி!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். ஆன்டி சிரித்தார், அவருக்குப் பின்னால் அங்கிள் சிரித்தார், எதிர் வரிசையிலும் சிரிப்பு கேட்டது. நான் அடுக்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் நின்றேன்.

கதவு திறந்தது. அப்பா நின்றார்.

"அப்ப அந்தப் பொட்டு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பொட்டு என்னா மாமா செய்யும்? சாமிக்கு வச்சது. நான் மேல சொரண்டும்போது முட்டி வயர்ல பட்டுச்சு, அது சரியான எடத்துல போய் ஒக்காந்துருச்சு. அதான் ஊசி ஏறுச்சு."

ப்ளஸும் மைனஸும் மாறியது முழங்கால் பட்டு எப்படிச் சரியாகும் என்று கேட்க அங்கே ஆளில்லை. அப்பா அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அடுக்குச் சட்டியின் பிடியைப் பார்த்தேன். அப்பா கேட்டைத் திறந்துவிட்டு, "உள்ள வாரும்" என்றார்.

என் கணவர் முதன்முதலாக அந்த வீட்டுக்குள் போனார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டு எடுத்து வைத்தார். அப்பா ஒரு நண்டுக் காலை உடைத்துச் சதையை என் கணவரின் தட்டில் வைத்து, "கவனமாச் சாப்பிடும், ஓடு குத்தும்" என்றார். திரும்பி வரும்போது வேனில் நான், "ஏன் இப்படி ஒரு பொய்?" என்று கேட்டேன். "உங்கப்பாவால 'என் தப்பு'ன்னு சொல்ல முடியுமா? வெக்கத்துலயே செத்துருவாரு. எனக்கு வாய் இருக்கு, சொன்னேன்" என்றார். படகில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது விடு" என்று ரோட்டைப் பார்த்து ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா அது கொஞ்சம் குத்திருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். மாதம் தவறாமல் வந்தார். விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. ஆனால் வயர் மாறிய கதையும் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் போயிருந்தது. கல்யாண வீடு, கோயில், சாவு வீடு, எங்கே போனாலும் அப்பா என் கணவரின் தோளில் கை வைத்து அறிமுகம் செய்வார்: "என்ர மருமோன். பெடியன் தங்கமானவன். வேலைதான் தெரியாது." எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும் விடச் சத்தமாக என் கணவர் சிரிப்பார். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் எங்கள் கடைக்குப் பேட்டரி கொண்டுவந்ததில்லை. அப்பா உண்மையிலேயே அப்படி நம்பினாரா, நம்பினால் வசதி என்று நம்பினாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. பொட்டை வைத்தவள் நான், துடைக்க விடாதவள் நான். என் கணவரின் கைக்கு இருந்த பெயரைக் கொடுத்துத்தான் என் அப்பாவை நான் திரும்ப வாங்கினேன்.

பல வருடங்கள் கழித்து ஒருநாள் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தபோது அப்பா வீட்டு மின்விசிறி நின்றுவிட்டது. என் கணவர் எழுந்து நாற்காலியை இழுத்தார். "நீர் இரும் தம்பி, தொடவேண்டாம்" என்று அப்பா தடுத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த ஓர் எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட ஆளனுப்பினார். வந்தவர் ஏணியில் ஏறிவிட்டு, கீழே தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த என் கணவரை அடையாளம் கண்டு, "இவரு கிள்ளான்ல பேட்டரிக் கடை வச்சிருக்கவரு இல்ல? இவரே பாத்திருக்கலாமே அங்கிள்" என்றார். அப்பா சிரித்தார். "பெடியன் தங்கமானவன். வேலைதான் தெரியாது" என்றார். பிறகு, அதுவரை ஒருநாளும் செய்யாதபடி, என் பக்கம் திரும்பி, "என்ன பிள்ளை, சரிதானே?" என்று கேட்டார். என் கணவர் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஓம் அப்பா" என்றேன்.